ஆழ்கடல் யாருடைய புறம்போக்கு?

புறம்போக்கு என்ற சொல் தொடக்கத்தில் வசைச்சொல் அல்ல. நிலவரிக்குப் புறத்தே நின்ற நிலம் என்பதே அதன் பொருள். மேய்ச்சல் தரை, ஏரி, குளம், வண்டிப்பாதை, சுடுகாடு, கழிவெளி என்று ஊரார் அனைவரும் புழங்கிய, எவரும் தனக்கென்று பத்திரம் எழுதிக்கொள்ள முடியாத நிலம் அது. வரி தராத நிலம் பயன் தராத நிலம் என்று வருவாய்க் கணக்கு முடிவுகட்டிய பிறகுதான் சொல்லும் இழிந்தது. இன்று ஒரு மனிதனை எதற்கும் உதவாதவன் என்று ஏசுவதற்கு அதைப் பயன்படுத்துகிறோம். பொதுவாக இருந்ததைப் பாழ் என்று முதலில் எழுதினார்கள். பாழ் என்று எழுதியதைப் பிறகு எடுத்துக்கொண்டார்கள்.

சென்னையின் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு நேர்ந்ததும் இதுவே. 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகக் கணக்கிடப்படும் அந்தக் கழுவெளி, ஏட்டில் பாழ்நிலமாக இருந்த காரணத்தால் நகரத்தின் குப்பையைச் சுமந்தது, சாலைகளால் துண்டுபட்டது, கட்டடங்களுக்கு அடியில் புதைந்தது. அந்தப் பாழ்நிலம் இத்தனை காலம் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது 2015 வெள்ளத்தின்போது நகரத்தின் வரவேற்பறைகளுக்குள் தண்ணீராக வந்து தெரிந்தது. எஞ்சிய பகுதி 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. காக்கத் தொடங்கியபோது காக்க வேண்டியதில் பெரும்பகுதி இல்லை.

அதே சதுப்பின் விளிம்பில்தான் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. இந்தியாவின் ஆழ்கடல் சுரங்க எந்திரங்கள் உருவாவது அங்கே. அங்கு பணிபுரியும் பொறியாளர்களைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களுடைய திறமையை நாம் மதிக்கிறோம். ஆனால் ஒரு புறம்போக்கு எப்படிக் காணாமல் போகிறது என்பதற்கான சான்று சுற்றுச்சுவருக்கு வெளியே கிடக்கும்போது, உலகத்தின் ஆகப்பெரிய புறம்போக்கை உழுவதற்கான கலப்பை சுவருக்கு உள்ளே தயாராகிறது. இந்த முரணைக் காணாமல் கடந்துபோக நம்மால் முடியவில்லை.

*

உழப்படவிருக்கும் இடம் எது என்று முதலில் பார்ப்போம். ஹவாய்த் தீவுகளுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே, பசிபிக்கின் அடியில், 4,000 முதல் 5,500 மீட்டர் ஆழத்தில் கிளாரியன்–கிளிப்பர்டன் வலயம் என்றொரு மாபெரும் சமவெளி இருக்கிறது. பரப்பில் அது இந்தியாவைவிடப் பெரியது. அதன் வண்டல்மீது உருளைக்கிழங்குகளைக் கொட்டி வைத்ததுபோல் கரிய உருண்டைகள் கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட் ஆகியவை அவற்றில் உள்ளன. 1872-ல் புறப்பட்டு உலகக் கடல்களைச் சுற்றிய பிரித்தானியக் கப்பலான சேலஞ்சர்தான் இத்தகைய உருண்டைகளை முதன்முதலில் ஆழத்திலிருந்து மேலே கொண்டுவந்தது. பல உருண்டைகளை உடைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு சுறாப்பல் இருக்கும். அல்லது திமிங்கிலத்தின் காதெலும்பு இருக்கும். என்றோ மாண்ட ஒரு மீனின் பல் கடலடியில் விழ, நீரில் கரைந்திருக்கும் உலோகம் அதன்மீது படலம் படலமாகப் படிகிறது. அந்தப் படிவு பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில் வளர்கிறது. ஒருவர் கையளவு உருண்டை திரள்வதற்கு எடுத்துக்கொண்ட காலத்தோடு ஒப்பிட்டால் மனித இனத்தின் வயது மிகச் சிறியது.

சுரங்கத் தரப்பார் இந்த இடத்தைக் குறிப்பிடும்போதெல்லாம் கடலடிப் பாலைவனம் என்கிறார்கள். சூரிய ஒளி இல்லை, தாவரம் இல்லை, உயிர்ப்பொருள் மிகக் குறைவு, ஆகவே இழப்பதற்கு அங்கே ஏதுமில்லை என்பது வாதம். பாலையை ஐந்திணைகளுள் ஒன்றாகவே வைத்துப் பார்த்த ஒரு மொழியின் வாசகர்களிடம் இந்த வாதம் எடுபடக் கூடாது. பாலை என்றால் உயிரற்றது என்று நம் மரபு என்றும் சொன்னதில்லை. அறிவியலும் அப்படிச் சொல்லவில்லை. இந்த வலயத்தில் அதுவரை திரட்டப்பட்ட பதிவுகளைத் தொகுத்து 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே 5,578 விலங்கினங்கள் பதிவாகியிருப்பதாகவும் அவற்றில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்கு இன்னும் அறிவியல் பெயரே சூட்டப்படவில்லை என்றும் மதிப்பிட்டது. பெயரில்லாதவை என்பதாலேயே அவை இல்லாதவை ஆகிவிடுமா? நாம் எண்ணி முடிக்கவில்லை என்பதைச் சுழியம் என்று எழுதிக்கொள்வது எந்தக் கணக்கியலில் சேரும்?

வண்டல் மெத்தென்றது, பற்றி நிற்க இடம் தராது. அந்தச் சமவெளியில் கெட்டியான தரை என்று இருப்பவை பெரும்பாலும் இந்த உருண்டைகள்தான். கடற்பஞ்சுகளும் பவளவகைகளும் அவற்றின்மீது வேர்கொண்டதுபோல் நிற்கின்றன. 2016-ல் ஹவாய்க்கு அருகே 4,000 மீட்டருக்கும் கீழே வெளிறிய, ஏறக்குறைய ஒளி ஊடுருவும் உடலுடைய எண்காலி ஒன்று கேமராவில் தென்பட்டது. பார்த்தவர்கள் அதற்குக் காஸ்பர் என்று செல்லப்பெயர் வைத்தார்கள். இதே வகையைச் சேர்ந்த எண்காலிகள் பெரு நாட்டுக்கு அப்பால் உள்ள ஆழ்கடற் படுகையில், உருண்டைகளில் வேரூன்றி இறந்துபோன கடற்பஞ்சுகளின் தண்டுகளில் முட்டையிட்டு, அவற்றைச் சுற்றிப் படர்ந்து காத்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். வேறோர் ஆழ்கடல் எண்காலி, கலிபோர்னியாவுக்கு அருகே, 53 மாதங்கள் தன் முட்டைகளை விட்டு நகராமல் அடைகாத்தது பதிவாகியிருக்கிறது. ஆழத்தில் எல்லாம் மெதுவாகவே நடக்கிறது. அங்கே உருண்டையை எடுத்தால் தண்டு இல்லை, தண்டு இல்லையென்றால் முட்டையிட இடமில்லை. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய கடலியல் படிப்பு தேவையில்லை. மரத்தை வெட்டினால் கூடு எங்கே இருக்கும் என்று கேட்கத் தெரிந்த குழந்தைக்கே புரியும்.

*

இனி, உழும் முறை. பல டன் எடையுள்ள ஊர்தி ஒன்று கடலடியில் சங்கிலிச் சக்கரங்களால் ஊர்ந்து, மேல்வண்டலோடு உருண்டைகளை உறிஞ்சுகிறது. கிலோமீட்டர்க் கணக்கில் நீளும் குழாய் அவற்றைக் கப்பலுக்கு ஏற்றுகிறது. உருண்டைகளைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் சேற்றுநீர் மீண்டும் கடலுக்குள் விடப்படுகிறது. ஆக மூன்று சேதங்கள் நேர்கின்றன. ஊர்தி போன தடத்தில் உயிர்கள் நசுங்குகின்றன. அது கிளப்பும் புழுதி நீரோட்டத்தோடு போய், தடத்துக்கு வெளியே உள்ளவற்றையும் மூடுகிறது. நடுக்கடலில் விடப்படும் சேற்றுநீர் அங்கு வாழும் உயிர்களின் உணவில் கலக்கிறது. மூன்றாவதைப் பற்றி ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-ல் வெளியிட்ட ஆய்வு, 2022-ல் நடந்த ஒரு சோதனைச் சுரங்க ஓட்டத்தின் கழிவையே எடுத்து ஆராய்ந்தது. நடுக்கடலின் மிதவை உயிரிகள் உண்ணும் சத்துள்ள துகள்களின் இடத்தைச் சத்தற்ற இந்தச் சேற்றுத்துகள்கள் பிடித்துக்கொள்ளும் என்பது அதன் முடிவு. மிதவை உயிரிகளை உண்ணும் சிறுமீன்களும், சிறுமீன்களை உண்ணும் சூரையும் அதே சங்கிலியில் இருக்கின்றன.

புண் ஆறிவிடும் என்கிறார்கள். ஆறுகிறதா என்று பார்த்தும் இருக்கிறார்கள். 1989-ல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் பெரு படுகையில் 4,100 மீட்டர் ஆழத்துக்குக் கீழே, ஏறத்தாழ 11 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு கலப்பையை இழுத்துச் சென்றார்கள். சுரங்கம் தோண்டினால் என்ன ஆகும் என்று அறிவதற்கான சோதனை அது. உருண்டைகளை அவர்கள் வெளியே எடுக்கக்கூட இல்லை. 26 ஆண்டுகள் கழித்து 2015-ல் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, கலப்பையின் தடம் நேற்று உழுததுபோல் கிடந்தது. வண்டலில் வாழும் நுண்ணுயிரிகளின் செயல்பாடும் பழைய நிலைக்கு மீளவில்லை. 1979-ல் கிளாரியன்–கிளிப்பர்டன் வலயத்தில் ஒரு சோதனை எந்திரம் விட்டுச்சென்ற தடத்தைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் 2023-ல் போய்ப் பார்த்தார்கள். 44 ஆண்டுகளுக்குப் பிறகும் தடம் அப்படியே இருந்தது. நகர்ந்து திரியும் சிறு உயிர்கள் சில திரும்பி வந்திருந்தன என்பதையும் அவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்; அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் உருண்டைகளைப் பற்றி நின்றே வாழ வேண்டிய பேருயிர்கள் எதைப் பற்றிக்கொண்டு திரும்பி வரும்? உருண்டை மீண்டும் விளையக் கோடி ஆண்டுகள் ஆகும். இதற்கு மறுசீரமைப்பு என்று பெயர் வைத்து அறிக்கை எழுதுபவர்கள் மொழிக்குச் செய்யும் தீங்கு தனி.

கடலடியைக் கீறினால் என்ன நேரும் என்று அறியத் தமிழர்கள் பசிபிக் வரை போக வேண்டியதும் இல்லை. பாக் நீரிணையில் இழுவைமடி என்ன செய்தது என்பது இருகரை மீனவர்களுக்கும் தெரியும். அடித்தரையை வழித்துக்கொண்டு போகும் அந்த மடி, ஒரு தலைமுறைக்கு மீனையும் அந்நியச் செலாவணியையும் கொடுத்தது. அடுத்த தலைமுறைக்கு வெறும் கடலையும் தமிழ்நாட்டு மீனவர்களுக்கும் ஈழத்து வடகரை மீனவர்களுக்கும் இடையே தீராப் பகையையும் கொடுத்தது. இலங்கை 2017-ல் சட்டமியற்றி இழுவைமடியைத் தடைசெய்தது. நவீனமானது, வளம் பெருக்குவது என்று சொல்லித்தான் இழுவைமடியும் நம் கரைகளுக்கு வந்தது. ஆழம் குறைந்த, வெப்பமான, விரைவில் உயிர் தளிர்க்கும் பாக் நீரிணையிலேயே இந்த நிலை என்றால், எதுவுமே விரைந்து நடக்காத 5,000 மீட்டர் ஆழத்தில் என்ன ஆகும்?

*

இத்தனைக்கும் பிறகு எதிர்த்தரப்பு தன் பலமான வாதத்தை எடுக்கிறது. புவி சூடாகிறது, மின்வாகனங்கள் தேவை, அவற்றின் மின்கலங்களுக்கு நிக்கலும் கோபால்ட்டும் தேவை, காங்கோவில் சிறுவர்கள் கோபால்ட் தோண்டுகிறார்கள், இந்தோனேசியாவில் நிக்கலுக்காகக் காடுகள் அழிகின்றன, ஆகவே மனிதர் இல்லாத கடலடியிலிருந்து எடுப்பதே அறம். இந்த வாதத்தை இலேசாகத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. காங்கோவின் சிறுவர்கள் உண்மை. சுலவேசியின் காடுகளும் உண்மை.

ஆனால் கடலில் ஒரு சுரங்கம் திறந்தால் காங்கோவில் ஒரு சுரங்கம் மூடப்படும் என்று யார் உறுதி தந்தார்கள்? எந்த ஒப்பந்தத்தில் அப்படி ஒரு சொல் இருக்கிறது? சந்தைக்குப் புதிய சரக்கு வந்தால் விலை சரியும்; விலை சரிந்தால் முதலில் குறைவது அந்தச் சிறுவனின் கூலி. 2025 பிப்ரவரியில் காங்கோ அரசு கோபால்ட் ஏற்றுமதியையே நிறுத்திவைத்தது. காரணம் தட்டுப்பாடு அல்ல. சந்தையில் கோபால்ட் மலிந்து விலை வீழ்ந்ததுதான். இன்னொரு பக்கம், நிக்கலோ கோபால்ட்டோ சிறிதும் இல்லாத இரும்பு–பாஸ்பேட் வகை மின்கலங்கள் 2023-லேயே உலக மின்வாகனச் சந்தையில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கைப் பிடித்துவிட்டன. சோடிய மின்கலங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பிஎம்டபிள்யூ, வோல்வோ, கூகுள், சாம்சங் எஸ்டிஐ ஆகியவை ஆழ்கடல் உலோகத்தை வாங்கமாட்டோம் என்று 2021-லேயே அறிவித்தன. வாங்க வேண்டியவர்களே வேண்டாம் என்னும் பொருளை, அவர்களுக்காகவே தோண்டுகிறோம் என்பது விந்தையான ஈகை.

பசுமை என்ற அந்த வேடமும் நிலைக்கவில்லை. 2025 ஏப்ரல் 24 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் கடலடிக் கனிமங்கள் குறித்து ஓர் ஆணையில் கையொப்பமிட்டார். அதில் முன்னே நின்றவை தேசப் பாதுகாப்பும் சீனப் போட்டியும்தான். அதே மாத இறுதியில் கனடாவைச் சேர்ந்த த மெட்டல்ஸ் கம்பெனி, தன் அமெரிக்கக் கிளை வழியாக, சர்வதேசக் கடலடியில் 25,160 சதுர கிலோமீட்டர் பரப்பில் வணிகச் சுரங்கத்துக்கு அமெரிக்க அரசிடம் விண்ணப்பித்தது. புவியைக் காக்கும் உருண்டை என்று அறிமுகமானது தேசத்தைக் காக்கும் உருண்டை ஆயிற்று. உருண்டை மாறவில்லை. வாங்குபவரின் காதுக்கு ஏற்றபடி விளம்பரம் மட்டும் மாறியது.

*

அமெரிக்க அரசு அந்த நிலத்தைக் கொடுக்க அது யாருடைய நிலம் என்பதே அடிப்படைக் கேள்வி. 1967 நவம்பர் 1 அன்று ஐ.நா. பொதுச்சபையில் மால்டா என்ற சின்னஞ்சிறு நாட்டின் தூதர் ஆர்விட் பார்டோ நீண்ட உரை ஒன்றை ஆற்றினார். எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத கடலடி மனிதகுலத்தின் பொது மரபுச்செல்வம் என்று அறிவிக்கப்பட வேண்டும் என்பது அவர் வாதம். அன்றைய வல்லரசுகள் கடலடியைக் காலனிகளாகப் பங்கிட்டுக்கொள்ளும் என்று அஞ்சி, புதிதாக விடுதலை பெற்ற ஏழை நாடுகள் அந்த வாதத்தைத் தமதாக்கிக்கொண்டன. 1982-ல் உருவாகி 1994-ல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 136-ஆம் பிரிவில் அது சட்டமாயிற்று. கடல்சார் சூழலைக் காக்க வேண்டும் என்று 145-ஆம் பிரிவு சொல்கிறது. அமெரிக்கா இந்த உடன்படிக்கையை ஏற்கவே இல்லை. தான் ஏற்காத ஊர்க்கட்டுப்பாட்டின் கீழ் உள்ள ஏரியை, தன் வீட்டுத் தீர்மானத்தைக் காட்டிப் பட்டாப் போடுகிற செயல்தான் 2025-ல் நடந்தது.

உடன்படிக்கையின்படி அமைந்த சர்வதேசக் கடற்படுகை ஆணையம் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருக்கிறது. சுரங்கத்தை ஒழுங்கு செய்து நடத்துவதும் கடலைக் காப்பதும் அதற்கே உரிய இரட்டைக் கடமைகள். ஏறத்தாழ 30 ஆய்வு ஒப்பந்தங்களை அது வழங்கியிருக்கிறது. வணிகச் சுரங்கத்துக்கான விதிகள் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. 2021 ஜூனில் நவூரு அரசு, உடன்படிக்கையில் இருந்த ஒரு விதியைப் பயன்படுத்தி, இரண்டாண்டுக்குள் விதிகளை முடித்தாக வேண்டும் என்று நெருக்கியது. நவூருவின் பின்னே நின்றது மேலே சொன்ன அதே கனடிய நிறுவனம்தான்.

நவூருவின் கதையை அறிந்தவர்களுக்கு இது நெஞ்சைப் பிசையும். 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தீவில் பாஸ்பேட் இருந்தது. ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளின் வயல்களுக்கு உரமாக அந்தத் தீவின் நடுப்பகுதியை வாரி எடுத்துப் போனார்கள். எஞ்சியது கூர்ப்பாறைகளின் காடு. நவூரு 1989-ல் ஆஸ்திரேலியாவைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. 1993-ல் இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டது. நிலம் திரும்பி வரவில்லை. தோண்டித் தீர்ந்த தீவைக் கடலடியைத் தோண்டும் உரிமைச் சீட்டாகப் பயன்படுத்துவதை, ஏழை நாடுகளின் வளர்ச்சி என்கிறார்கள். பாப்புவா நியூகினியும் இதே ஆசையில் விழுந்தது. நாட்டிலஸ் மினரல்ஸ் என்ற நிறுவனம் பிஸ்மார்க் கடலில் தொடங்கவிருந்த சொல்வாரா திட்டத்தில் அந்த அரசு பங்குதாரர் ஆனது. 2019-ல் நிறுவனம் திவாலாயிற்று; ஒரு கிலோ உலோகம்கூட விற்கப்படவில்லை; அரசு போட்ட பணம் மூழ்கியது. பொதுச்செல்வம் என்ற சொல் ஏழைகளுக்காகப் பிறந்தது. இன்று ஏழைகளின் பெயரில் நிறுவனங்கள் அதைக் கையாளுகின்றன.

*

இந்தியா எங்கே நிற்கிறது? 1981 ஜனவரி 26 அன்று கவேஷணி என்ற ஆய்வுக்கப்பல் அரபிக்கடலில் முதல் உருண்டையை எடுத்தது. 1987-ல் முன்னோடி முதலீட்டாளர் என்ற தகுதியை உலகிலேயே முதலாவதாக இந்தியா பெற்றது. 2002-ல் மத்திய இந்தியப் பெருங்கடல் படுகைக்கான ஆய்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. 75,000 சதுர கிலோமீட்டர் இந்தியாவிடம் இருக்கிறது. 38 கோடி டன் உருண்டைகள் அங்கே இருப்பதாக அரசு மதிப்பிடுகிறது. 2021-ல் ரூ. 4,077 கோடியில் ஆழ்கடல் இயக்கம் தொடங்கியது. அதில் பருவநிலை ஆய்வும் பல்லுயிர் ஆய்வும் அடக்கம். மூவர் அமர்ந்து 6,000 மீட்டர் இறங்கக்கூடிய மத்ஸ்யா என்ற கலமும் அடக்கம். அவற்றை நாம் வரவேற்கிறோம். ஆழத்தைப் பார்க்கப் போவது வேறு, பெயர்க்கப் போவது வேறு.

பெயர்ப்பதற்கான எந்திரத்துக்கு வராகம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். 2021-ல் அது 5,270 மீட்டர் ஆழத்தில் ஊர்ந்து காட்டியது. பெயர் வைத்தவர்கள் புராணத்தைப் பாதியோடு நிறுத்திவிட்டார்கள் என்று தோன்றுகிறது. பூமியைக் கவர்ந்து கடலுக்கடியில் கொண்டுபோனவன் இரணியாட்சன். இறங்கிப் போய் அவனிடமிருந்து அவளை மீட்டு, சேதமின்றிக் கொம்பில் ஏந்தி வந்தது வராகம். மாமல்லபுரத்து வராக மண்டபத்துச் சிற்பி பூமகளை எத்தனை கவனத்தோடு ஏந்தவைத்திருக்கிறான் என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடலடியை உழுது அள்ளும் எந்திரத்துக்கு அந்தக் கதையில் வேறொரு பாத்திரத்தின் பெயரே பொருந்தும். மத்ஸ்யமும் அப்படியே. ஊழிவெள்ளத்தில் வித்துகளையும் உயிர்களையும் காத்த மீன் அது.

இந்தியாவுக்கு 2016-ல் இன்னோர் ஒப்பந்தமும் கிடைத்தது. இந்தியப் பெருங்கடலின் நடுமுகடுகளில், வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிப் படியும் சல்பைடுகளுக்கானது. 2025 செப்டம்பரில் கார்ல்ஸ்பெர்க் முகட்டுக்கும் ஒன்று கையெழுத்தானது. இதே பெருங்கடலின் வெந்நீர் ஊற்றுகளில்தான் செதிற்கால் நத்தை வாழ்கிறது. தன் காலை இரும்புச் சல்பைடால் கவசமிட்டுக்கொள்ளும், உலகில் வேறெங்கும் இல்லாத உயிர் அது. 2001-ல்தான் மனிதக் கண்ணில் பட்டது. 2019-ல் ஆழ்கடல் சுரங்கத்தின் அச்சுறுத்தலைக் காரணம் காட்டி அழிவபாயப் பட்டியலில் சேர்க்கப்பட்ட முதல் உயிரினம் ஆயிற்று. கண்டுபிடித்ததற்கும் அழியும் என்று அறிவித்ததற்கும் இடையே 18 ஆண்டுகள். அதன் வாழிடங்களாக அறியப்பட்டவை சில ஊற்றுகள் மட்டுமே.

கரைக்கு அருகிலும் நிலைமை வேறல்ல. 2024 நவம்பரில் ஒன்றிய அரசு 13 கடற்பகுதிகளைச் சுரங்க ஏலத்துக்கு அழைத்தது. கேரளக் கடலின் மணலும் குஜராத் கடலின் சுண்ணாம்புச் சேறும் அதில் இருந்தன. பெரிய நிக்கோபாருக்கு அப்பால் உள்ள கடலடியின் பல்லுலோக உருண்டைகளும் படிவுகளும் இருந்தன. கேரள மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 மார்ச்சில் கேரளச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. தெற்கே அஃபனாசி நிகிட்டின் கடல்மலையின் கோபால்ட்டுக்காக இந்தியா விண்ணப்பித்திருக்கிறது. அதே பகுதியைத் தன் கண்டத்திட்டின் நீட்சி என்று இலங்கை 2009 முதல் கோரிவருகிறது. நீரிணையில் மீனுக்காக மோதிக்கொண்டது போதாதென்று, நீருக்கடியில் மலைக்காகவும் மோத ஏற்பாடு நடக்கிறது.

நாம் தோண்டாவிட்டால் சீனா தோண்டும் என்பார்கள். சீனாவிடம் ஐந்து ஒப்பந்தங்கள் இருப்பது உண்மைதான். ஆனால் அண்டைவீட்டான் ஏரியை ஆக்கிரமிப்பான் என்பதற்காக நாமே முந்தி ஆக்கிரமிப்போம் என்று ஓர் ஊர் முடிவு செய்தால், அந்த ஊருக்கு ஏரி மிஞ்சாது. ஆக்கிரமிப்பைத் தடுக்கும் வழி ஊர்க்கட்டுப்பாட்டை வலுவாக்குவது. 30-க்கும் மேற்பட்ட நாடுகள் இதற்கு இடைக்காலத் தடையோ முன்னெச்சரிக்கை நிறுத்தமோ வேண்டும் என்று கோருகின்றன. பிரான்ஸ் முழுத்தடை கேட்கிறது. பலாவு, பிஜி, சமோவா போன்ற தீவு நாடுகள் முன்வரிசையில் நிற்கின்றன. தன் கடலைத் திறந்துவிட 2024 ஜனவரியில் வாக்களித்த நார்வேகூட, அதே ஆண்டு டிசம்பரில் முதல் உரிமச் சுற்றை நிறுத்திவைத்தது. இந்தப் பட்டியலில் இந்தியாவின் பெயர் இல்லை. 1970களில் பொதுச்செல்வக் கோட்பாட்டுக்காக ஏழை நாடுகளின் குரலாக நின்ற நாட்டுக்கு இது பெருமை தருவதல்ல.

*

நம் கோரிக்கைகள் மூன்று. இந்தியா இடைக்காலத் தடைக்கு ஆதரவாகக் கிங்ஸ்டனில் வாக்களிக்க வேண்டும்; முதல் முதலீட்டாளராகப் பெயர் வாங்கிய நாடு நிறுத்தச் சொன்னால் அதற்கு எடை இருக்கும். 1997-ல் மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் நம் விஞ்ஞானிகளே நடத்திய கடலடிக் குலைவுச் சோதனை முதல் இன்றுவரை திரட்டப்பட்ட சூழல் தரவுகள் முழுவதும், மீனவரும் படிக்கும்படி இந்திய மொழிகளில் வெளியிடப்பட வேண்டும். தூக்கியெறிந்த மின்னணுக் கருவிகளிலிருந்து உலோகத்தை மீட்கும் தொழிலுக்கு முதலிடம் தர வேண்டும். அரிய கனிம மீள்சுழற்சிக்கு 2025-ல் ஒதுக்கப்பட்டது ரூ. 1,500 கோடி, நம் வீட்டு இழுப்பறைகளில் உறங்கும் பழைய தொலைபேசிகள் 5,000 மீட்டர் ஆழத்தில் இல்லை.

இலக்கியம் படிப்பவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சொல்லைக் காப்பது நம் வேலை. பாழ், பாலைவனம், வெற்றிடம், வளம், மறுசீரமைப்பு, பசுமை ஆகிய சொற்களால்தான் இந்தச் சுரங்கம் முதலில் தோண்டப்படுகிறது. எந்திரம் பிறகுதான் இறங்குகிறது. புறம்போக்கு என்ற ஒரு நல்ல சொல் நம் கண்ணெதிரே வசையாக மாறியபோது நம் முன்னோர் வாளாவிருந்தார்கள், ஏரிகள் போயின. பொதுச்செல்வம் என்ற இன்னொரு நல்ல சொல் இப்போது அதே வழியில் இழுத்துச் செல்லப்படுகிறது. இந்தமுறை அது போகும் முன்பே தடுத்து நிறுத்தியாக வேண்டும். வணிகச் சுரங்கத்துக்கான விதிகள் இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை; ஆகவே காலம் கடந்துவிடவில்லை.